வெள்ளிக்கிழமைக் குளியல்

பாயான் பாரு நிறுத்தத்தில் பஸ் ஏறி எனக்கு முன்னிருக்கையில் உட்கார்ந்த பெண், கூட வந்த மூத்தவளிடம் சொன்னாள்:

“வாராவாரம் வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்ச்சுக் குளிப்பாட்டுறேன்க்கா. அப்பவும் ஜிம்மி மேல எண்ணெய்ப் பிசுக்கு போவமாட்டேங்குது.”

நான் காதிலிருந்த பாட்டை நிறுத்தினேன்.

“உன் நாயையா?” என்றாள் மூத்தவள்.

“ஆமாக்கா. பார்க்கத்தான் பூனை சைஸு. நாத்தம் யானை சைஸு.”

“டாக்டர்கிட்ட காட்டுனியா?”

“காட்டுனேன். அதுக்குத் தோல்லயே எண்ணெய் ஜாஸ்தியா சுரக்குதாம். மருந்து ஷாம்பு கொடுத்து, இனிமே நல்லெண்ணெயத் தொடாதீங்கன்னாரு.”

“நிறுத்திட்டியா?”

“எப்படிக்கா நிறுத்துறது? ஷாம்பு சூடு லா. அதனால ஷாம்பு போட்டு அலசிட்டு, சூடு தணிய நல்லெண்ணெய் கொஞ்சம் தடவி விடுறேன். அப்புறம் சாம்பிராணி.”

டிரைவர் கண்ணாடியில் ஒருமுறை எங்கள் பக்கம் பார்த்துக்கொண்டார்.

“உன் வீட்டுக்காரரு ஒண்ணும் சொல்லலயா?”

“ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணுங்கிறாரு. இப்பல்லாம் ஹால்லதான் படுக்குறாரு.”

“ஜிம்மி?”

“கட்டில்லதான்.”

மூத்தவள் அவள் பக்கம் திரும்பினாள்.

“அவருக்கு நீ எண்ணெய் தேய்ச்சு விட்டு எவ்வளவு நாளாச்சு?”

லிட்டில் இந்தியா நிறுத்தம் வந்துகொண்டிருந்தது. இளையவள் மணியை அழுத்திவிட்டு எழுந்தாள்.

“தலைதீபாவளியோட சரிக்கா. அந்த எண்ணெய் வாடை எனக்கு ஒத்துக்காது.”