இடமில்லாத குளிர்பெட்டி

எங்கள் தெருப் பெண்களையெல்லாம் அதட்டியும் அரவணைத்தும் இந்த வீட்டுப் பலகாரப் போட்டியை நடத்தி, இன்று தலைமையும் ஏற்றிருக்கும் இராமலட்சுமி ஆச்சி அவர்களே, ருசி பார்த்தே பசியாறிப்போன நடுவர் பெருமக்களே, குடையை மடக்க மனமில்லாமல் மடியில் வைத்திருக்கும் பெரியவர்களே, பிள்ளைகளைப் பிடித்து உட்கார வைப்பதற்குள் பாதிப் பேச்சைத் தவறவிடும் தாய்மார்களே, "எப்பம்மா முடியும்" என்று வாசலில் வண்டியோடு காத்திருக்கும் அண்ணாச்சிமார்களே! பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்துத் தொண்டை கெட்டுப்போன நிலோபர் ஆகிய நான், உங்கள் அனைவருக்கும் வணக்கமும் சலாமும் சொல்லித் தொடங்குகிறேன்.

எனக்கு முதல் பரிசு என்றார்கள். தயிரிலும் பழத்திலும் செய்த பனிக்கட்டிப் பலகாரத்துக்கு இத்தனை மரியாதையா? என்ன சொல்கிறீர்கள் அக்கா? கதையெல்லாம் அப்புறம், முதலில் செய்முறையைச் சொல் என்கிறீர்களா? நியாயம்தான்.

புளிக்காத கெட்டித் தயிரை மெல்லிய துணியில் கட்டித் தொங்கவிடுங்கள். தண்ணீர் வடியட்டும், அவசரப்படாதீர்கள். வடிந்த தயிரில் தேன் கலந்து, ரம்புட்டானை அரிந்து போட்டு, துளையில்லாத இட்லித் தட்டில் ஊற்றுங்கள். ஒவ்வொரு குழியிலும் ஒரு மங்குஸ்தான் சுளையை முழுதாக வைத்து, மேலே மூடி, ஃப்ரீசருக்குள் தள்ளுங்கள். அவ்வளவுதான். ஆவியில் வேகப் பிறந்த இட்லித் தட்டைப் பனியில் உறையப் போட்டால் அது பாவமில்லையா என்று என் மாமியார் கேட்டார். பாவம்தான். சாரலில் நனையப் பிறந்த மனிதர் ஒருவரும் மணல் வெயிலில் வேகப் போயிருக்கிறாரே, அதை யாரிடம் கேட்பது?

என் வீட்டுக்காரர் மன்சூர் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். அங்கே வெயில் கொளுத்தும் மாதங்களில்தான் இங்கே குற்றாலத்தில் சீசன். ஊரெல்லாம் அருவியில் தலையைக் கொடுத்து நிற்கும்போது, அவர் எவர் வீட்டு மாடியிலோ ஏசியைக் கழற்றிக்கொண்டிருப்பார். அந்த மாதங்களில் ஏசி மெக்கானிக்குக் கம்பெனி லீவு கொடுக்குமா? கொடுக்காது. அவர் வருவதெல்லாம் மார்கழியில். அப்போது மங்குஸ்தான் ஏது? ரம்புட்டான் ஏது? தென்காசித் தெருவில் முகத்தில் அடிக்கும் அந்தச் சாரல்தான் ஏது?

சீசன் வந்தால் அவர் இல்லை, அவர் வந்தால் சீசன் இல்லை. சரி, சீசனைப் பிடித்துப் பெட்டிக்குள் அடைத்துவிடுவோம் என்றுதான் நான் இதைச் செய்ய ஆரம்பித்தேன். மார்கழிக் குளிரில், போர்வையைப் போர்த்திக்கொண்டு, பல் கிட்டிக்கக் கிட்டிக்க அந்த மனிதர் தின்றார். சிரிக்காதீர்கள், சத்தியமாகத் தின்றார். தின்றுவிட்டு, "எல்லாம் இருக்குளா. சாரல் மட்டுந்தான் இல்ல" என்றார். எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

இந்த வருடம் ஒரு கிறுக்குத்தனம் செய்தேன். நம் தெருவில் யார் வளைகுடாவுக்குக் கிளம்பினாலும், அவர் பெட்டியில் அவர் துணி கால்வாசி, நம் பார்சல் முக்கால்வாசி. அல்வா போகும், முறுக்கு போகும், மாவடு போகும். அங்கே இருக்கும் தன் மகனைப் பார்க்க நம் தெரு முகம்மது மீரான் மாமா மஸ்கட் கிளம்பினார். சீசன் முடிவதற்குள் சீசன் பண்டம் என் வீட்டுக்காரர் வாய்க்குப் போகட்டுமே என்று, இந்தப் பனிக்கட்டிகளை டப்பாவில் அடைத்து, தெர்மாகோல் பெட்டியில் வைத்து, அவர் இடுப்பில் கட்டிப் பழசான சாரத்தைச் சுற்றி, மாமா கையில் கொடுத்தேன். தமிழ் படித்தவள்தானே, பனி உருகும் என்று எவரும் எனக்குச் சொல்லித்தரவில்லை போலும்.

செங்கோட்டை தாண்டி, ஆரியங்காவு மலை இறங்கி, விமான நிலையம் போவதற்குள் கட்டியெல்லாம் கஞ்சியாகிவிட்டது. பரிசோதனை செய்கிறவர், தண்ணீராக இருப்பதைக் கொண்டுபோக முடியாது, கொட்டிவிடுங்கள் என்றார். மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "கொட்டுததுக்கா பிள்ள கட்டிக் குடுத்தா?" என்று கேட்டுவிட்டு, வரிசையில் இருந்து விலகி நின்று மஸ்கட்டுக்குப் போன் போட்டார்.

"ஏலே மன்சூரு, ஒம் பொண்டாட்டி குடுத்தத கொட்டச் சொல்லுதான். கொட்ட மனசு வரல. நான் குடிக்கேன், நீ கேளு."

டப்பாவை வாயில் வைத்துக் குடித்தாராம். "தயிரு புளிக்கலலே. தேனு இருக்கு. ரம்புட்டான் பல்லுல படுது" என்று ஒவ்வொரு மடக்குக்கும் சொன்னாராம். கடைசியில் என் வீட்டுக்காரர் கேட்டாராம்:

"மாமா, மங்குஸ்தான் சுள முழுசா கெடக்கா?"

"கெடக்குலே, அடியில கெடக்கு."

"அத மட்டும் மெதுவா தின்னுங்க, மாமா."

தாய்மார்களே, இதைப் போனில் சொல்லும்போது மீரான் மாமா அழுதார். கேட்ட நான் அழவில்லை. அன்றைக்கே என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டுச் செய்முறையைச் சொன்னேன். கிடைத்த பழத்தைப் போட்டு அவர் அறையிலேயே செய்து, கூட இருப்பவர்களுக்கெல்லாம் கொடுத்து, ஒன்றை மட்டும் எடுத்து வைத்தாராம். யாருக்கு என்றேன். "ஒனக்குத்தாம்ளா" என்றார். இங்கே அவருக்காக நான் தின்னாமல் வைத்திருக்கிறேன். அங்கே எனக்காக அவர் தின்னாமல் வைத்திருக்கிறார். பழம் காத்திருக்கலாம், பனிக்குள் அதற்கு வயதாகாது. எனக்கு வயதாகிறதே? வாப்பாவின் தோளில் ஏறி அருவி பார்க்க வேண்டிய என் மகள் ஆஷிகா, தோளில் தூக்க முடியாத அளவுக்கு வளர்கிறாளே? அவளை எந்தப் பெட்டியில் வைத்து நான் உறைய வைப்பேன்?

அதனால், ஆச்சி அவர்களே, மேடையில் நிற்கும் இந்தப் பெரிய ஃப்ரீசர், முதல் பரிசு, எனக்கு வேண்டாம். திமிர் என்று நினைக்காதீர்கள். இரண்டாம் பரிசு பெற்ற அனுசியா, சீசனில் பேருந்து நிலையத்துக்கு வெளியே பழம் விற்கிறவள். அவளுக்குக் கொடுங்கள், உபயோகப்படும். பெரிய பெட்டி வந்தால் நான் இன்னும் சேர்ப்பேன், இன்னும் பொறுப்பேன். பொறுத்தது போதும்.

வீடியோ எடுக்கிற தம்பி, கொஞ்சம் பக்கத்தில் வா. இது மஸ்கட்டுக்குப் போகும்தானே?

மச்சான், கேட்டுக்கிடுங்க. அருவியில தண்ணி நல்லா விழுது. சாரல் இன்னும் நிக்கல. வேலைய விட்டுட்டு வரச் சொல்லல, ஒரே ஒரு சீசனுக்கு லீவு கேட்டுச் சண்ட போடுங்க. எனக்காக எடுத்து வச்சிருக்கியள்ல, அத நீங்களே தின்னுட்டுக் கெளம்புங்க. நம்ம வீட்டு ஃப்ரீசர்ல இனிமே வைக்க எடமில்ல.

இவ்வளவு நேரம் காது கொடுத்த உங்களுக்கெல்லாம் என் நன்றி. நனையாமல் வீடு போய்ச் சேருங்கள். நனைந்தாலும் நல்லதுதான். வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.