குலுங்கும்போது வந்த உறக்கம்

தக்கலையில் இருந்து நாகர்கோவில் போகும் பஸ்ஸில், மழைக்காக ஷட்டரை எல்லாம் இறக்கி விட்டிருந்தார்கள். எனக்கு முன்சீட்டில் அக்காளும் தங்கச்சியும். தங்கச்சி ஜப்பானில் இன்ஜினியர், லீவு முடிந்து திரும்பப் போகிறாள் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"பூமி குலுங்கும்போது எனக்கு உறக்கம் வந்துட்டுக்கா," என்றாள் தங்கச்சி.

"வெளையாடாத ஏட்டி."

"உள்ளதுதான். எங்க கட்டிடத்துல மாடிக்கு மாடி சென்சார் வச்சிருக்கோம். வயரே கெடையாது. எந்த மாடி எந்தப் பக்கம் சாயுதுன்னு அது கம்ப்யூட்டருக்குச் சொல்லும். உச்சியில பெரிய இரும்பு எடை ஒண்ணு உண்டு. கட்டிடம் இந்தப் பக்கம் போனா, கம்ப்யூட்டர் அத அந்தப் பக்கம் தள்ளும். அன்னைக்கு நெசமாவே குலுங்கிச்சு. எல்லாரும் மேசைக்கு அடியில. நானும் அங்க படுத்துதான் கெடந்தேன். ஆட்டம் கொறஞ்சு கொறஞ்சு தொட்டில் மாதிரி ஆயிட்டு. அப்பிடியே கண்ணு சொக்கிட்டு. சுனாமிக்குப் பொறவு அப்பிடி ஒரு உறக்கம் எனக்கு வந்ததே இல்லக்கா."

ஷட்டரின் இடுக்கு வழியாகச் சாரல் அக்காளின் கையில் விழுந்துகொண்டிருந்தது.

"அப்பாவ கடலு கொண்டுபோச்சு. உன்ன ஆடுத ஊருக்கு விட்டுட்டு நான் எப்பிடி மக்கா இங்க இருப்பேன்?"

"அப்பா போனதுனாலதான் நான் இந்த வேலைக்கே போனேன்."

பஸ் வில்லுக்குறியைத் தாண்டியபோது அக்காள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"சரி, போ. ஆட்டம் நின்ன ஒடனே என்ன போன்ல விளிக்கணும். எனக்கு முன்ன வேற யாரையும் விளிக்கப்பிடாது, கேட்டியா?"