வாட்டம் உள்பக்கம்

மோட்டார் சைக்கிள் பழுது பார்க்கிற இடத்துக்கு மணல் தரை சரிவராது, ஐயா. கழற்றிய நட்டு ஒன்று கை தவறி விழுந்தால் அதைத் தேடியே பொழுது போய்விடும். கல்லடியில் வீட்டைச் சுற்றிய எங்கள் வளவு வாவிக்கரையோடு இருக்கிறது. வண்டியை நிறுத்தினால் கால் மணலுக்குள் இறங்கிச் சரியும். முதலில் தரையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது.

சாணி மெழுகிப் பார்த்தோம். என் பெண்சாதி கண்ணகைதான் மெழுகினாள். எண்ணெய் பட்ட இடமெல்லாம் பொருக்குப் பொருக்காகக் கிளம்பியது. அவள் முகம் சுளிக்காமல் திரும்பவும் மெழுகுவாள். செங்கல் பரப்பினால் இடுக்குக்குள் எண்ணெய் இறங்கி நாறும். சிப்பிச் சுண்ணாம்பு நாளடைவில் தூளாகிவிடும். பலகை போடலாம் என்று நல்லரத்தினம் மாமா சொன்னார். பலகை தீப்பிடிக்கும், வேண்டாம் என்றது நான். அவரையே கேட்டுப் பாருங்கள், ஓம் என்பார். கடைசியில் சீமெந்து என்று முடிவு செய்தேன். சீமெந்து எதையும் குடிக்காது. ஊற்றியது ஊற்றியபடி மேலேயே நிற்கும், வாட்டம், அதாவது சரிவு, எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் ஓடும்.

நல்லரத்தினம் மாமா கண்ணகையின் தாய்மாமன். எங்கள் பகுதி வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். வீடும் வளவும் பெண்ணுக்கு. புருஷன் வந்து சேருகிறவன். நான் வவுணதீவிலிருந்து ஒரு றங்குப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தவன். மாமியார் இறந்த பிறகு இரண்டு பெண்களுடைய காரியத்தையும் மாமாதான் பார்த்தார். கண்ணகையின் அக்கா சீதேவிப்பிள்ளை அதே வளவில் அடுத்த வீட்டில் இருக்கிறாள். அவளுடைய புருஷன் குடித்துவிட்டுக் கை நீட்டுகிறவன். ஒருநாள் அவன் வேலை முடிந்து வந்தபோது அவனுடைய பெட்டி வாசல் படலையடியில் இருந்தது. பக்கத்தில் மாமா நின்றார். அவன் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு நகரத்துக்குப் போகிற பாலத்துப் பக்கம் நடந்தான்.

நான் குடிக்கிறவன் இல்லை. கண்ணகையை ஒருநாளும் அடித்ததில்லை. ஆனாலும் அன்றைக்குப் பிடித்த பயம் என்னை விடவில்லை. நகரத்தில் ஒரு கராஜில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். பொழுதுபடப் பாலத்தில் ஏறும்போதே நடையை எட்டிப் போடுவேன். படலையடியில் பெட்டி இல்லை என்று கண்டபிறகுதான் மூச்சு வரும். தொழிலை வீட்டிலேயே வைத்துக்கொண்டால் வெளியே போக வேண்டியதில்லை, உள்ளேயே இருக்கிறவனுடைய பெட்டியை யாரும் வெளியே வைக்க முடியாது என்று யோசித்தேன். அப்படித்தான் வளவில் கொட்டில் போட்டேன்.

மாமா தினமும் வருவார். கொட்டிலுக்குள் ஒரு கதிரையில் இருந்து நான் செய்வதைப் பார்ப்பார். "என்ன மருமகன், வேலை நடக்குதா?" என்பார். பிறகு மறுபடி பார்ப்பார். திட்டியிருந்தால் பொறுத்திருப்பேன், ஐயா. அந்தப் பார்வையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

சீமெந்து போடக் காத்தான்குடியிலிருந்து அசனார் மேசன் வந்தார், நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவர். வாட்டத்தை வாசல் பக்கம் விடட்டுமா என்று கேட்டார். உள்பக்கம், வடகிழக்கு மூலைக்கு விடச் சொன்னேன்.

"உள்ளுக்கா? ஊத்துற தண்ணியெல்லாம் மூலைக்குள்ள நிக்குமே தம்பி. பிறகு என்னக் குறை சொல்ல ஒண்ணா" என்றார்.

"கழிவெண்ணெய் வாசலுக்கு வந்தா கண்ணகைர பூஞ்செடி பட்டுப் போகும், நானா. மூலையில நிண்டா நான் அள்ளிப்போடுவன்" என்றேன்.

நியாயமான பதில்தானே. அவர் தலையை ஆட்டிக்கொண்டு அப்படியே போட்டுத் தந்தார். அருமையான வேலை. தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன், ஒரு சொட்டு வழிமாறவில்லை. சீமெந்து காய்ந்த பிறகு அந்த மூலையில் பிள்ளையார் படம் ஒன்றை மாட்டினேன். படத்துக்கு முன்னால் ஒரு பன்பாய் விரித்தேன். ஆயுத பூசைக்கு விளக்கு வைக்கிற இடம் அதுதான் என்று எல்லோரிடமும் சொன்னேன். முதலில் தரை, பிறகுதான் படம். இதை நீங்கள் கேட்க மாட்டீர்கள், அதனால் நானாகவே சொல்கிறேன்.

இருந்தாலும் அந்த நேரத்தில் அது வெறும் யோசனை. செய்வேன் என்று நினைக்கவில்லை. பூசைக்கு முதல்நாள் மாமா கதிரையை விட்டு எழும்பினார். வாசலில் நின்று திரும்பி, "மருமகன், உங்களோட ஒரு கதை இருக்கு. பூசை முடியட்டும், மறுகா பேசுவம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். உள்ளே போய் என் பெட்டி கட்டிலுக்குக் கீழேதான் இருக்கிறதா என்று பார்த்தேன். கண்ணகை ஏன் குனிந்து பார்க்கிறீர்கள் என்று கேட்டாள். எலி என்றேன்.

பூசைக்கு ஒரு மோட்டார் சைக்கிளைக் கழுவித் துடைத்துக் கொட்டிலின் மேட்டுப் பக்கம் நிறுத்தினேன். மாலை போட்டுச் சந்தனம் வைத்தாள் கண்ணகை. போன வருஷம் விளக்கு ஏற்றியவர் மாமா. இந்த வருஷமும் அவர்தான் ஏற்றுவார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மாலையைச் சரிசெய்வதுபோலக் குனிந்து பெற்றோல் குழாயைத் தளர்த்திவிட்டேன். பெற்றோல் சத்தமில்லாமல் இறங்கி, பாய்க்குக் கீழே போய்ச் சேர்ந்தது. கொட்டிலில் எப்போதும் பெற்றோல் மணம்தான். யாரும் மூக்கைச் சுளிக்கவில்லை.

மாமா பாயோரம் வந்து நின்றார். தீப்பெட்டி அவர் கையில் இருந்தது. ஆனால் அவர் குனியவில்லை.

"கண்ணகை, இஞ்ச வா புள்ள" என்றார். "என்ட அக்கா, உன்ட அம்மா, செத்து ஆண்டுத் திவசமும் முடிஞ்சி. இனி இது உன்ட வளவு. வளவுக்காரி இருக்கக்குள்ள நான் விளக்கேத்துறது முறையில்ல." பிறகு என்னைப் பார்த்தார். "இதத்தான் மருமகன் உங்களோட பேச இருந்தன். இனி நான் இதுக்குள்ள தலையிட மாட்டன். நீங்க ரெண்டு பேரும் பாத்துக்கங்க."

வளவு கண்ணகையுடையது என்ற ஒன்றை நினைத்துத்தான் நான் இத்தனை நாள் பயந்து செத்தேன், ஐயா. தரை போட்டபோது அந்த ஒன்றை மறந்துபோனேன்.

அவள் வெட்கப்பட்டுச் சிரித்துக்கொண்டு தீப்பெட்டியை வாங்கினாள். புதுச்சேலை கட்டியிருந்தாள். பாயில் முழங்காலை ஊன்றிக்கொண்டு, ஏற்றட்டுமா என்று கேட்பதுபோல என்னைப் பார்த்தாள். "பொறு" என்று சொல்ல நேரம் இருந்தது. சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். பாயைத் தூக்கிப் பார்ப்பார்கள், குழாயைப் பார்ப்பார்கள். பிறகு படலையடியில் என் பெட்டி இருக்கும். இவ்வளவும் என் மனதில் ஓடியது. நான் தலையை ஆட்டினேன். ஏற்று என்றுதான் அவள் எடுத்துக்கொண்டிருப்பாள்.

மூலை தீப்பிடித்தபோது நான் வண்டியோடு மேட்டுப் பக்கம் நின்றேன். என் காலடி காய்ந்திருந்தது. மாமாதான் உள்ளே பாய்ந்து அவளை இழுத்தார். அவருடைய இரண்டு கையும் வெந்துபோயிற்று. சனங்கள் முற்றத்து மணலை அள்ளிப் போட்டு அணைத்தார்கள். மணல் நல்லதுதான், எல்லாவற்றையும் குடித்துவிடும். கண்ணகை அன்றைக்கு விடியும் வரை இருந்தாள். ஒருவரையும் குறை சொல்லவில்லை. என் கை பத்திரமா என்று கேட்டாள்.

விபத்து என்றே எல்லோரும் சொல்கிறார்கள். என்மேல் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை. அவள் இல்லாத வளவில் எனக்கு என்ன உரிமை என்று பெட்டியைக் கட்டினேன். மாமா சீலை சுற்றிய கையால் என் தோளைத் தொட்டார். "எங்க போறீங்க மகன்? இஞ்சையே இருங்க. முப்பத்தோராம் நாள் அவட பேருக்கு அந்த மூலையிலதான் விளக்கு வைக்கோணும். நீங்கதான் ஏத்தோணும்" என்றார்.

அதுதான் வந்தேன். அந்தத் தரையில் நின்று தீக்குச்சி உரச எனக்குப் பயமாக இருக்கிறது. மாமா பக்கத்தில் நின்று பார்ப்பார்.

என் பெட்டி உங்கள் பொலிஸ் நிலைய வாசலில் இருக்கிறது. யாரும் வெளியே வைக்கவில்லை, நானே தூக்கிக்கொண்டு வந்தேன். கண்ணகைக்கு நான் ஒரு கெடுதலும் நினைத்தவன் இல்லை, அதை எழுதிக்கொள்ளுங்கள். அசனாரையும் குறை சொல்ல வேண்டாம். போய்ப் பாருங்கள் ஐயா, அவ்வளவு நெருப்புக்கும் அந்தத் தரையில் ஒரு வெடிப்பு இல்லை. மூலையில் கொஞ்சம் கரி படிந்திருக்கிறது, அது கழுவினால் போய்விடும்.