எல்லாருக்கும் ஒரே தேதி

"பதினோரு பேருக்கும் ஒரே தேதின்னா, நான் வேற என்னடா நினைப்பேன்?"

கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் இப்படிக் கேட்டதும் என் காது அங்கே போய்விட்டது. செங்கம் ரோட்டில் ரூம் வாடகைக்கு விடுகிறவர் என்று பேச்சிலேயே தெரிந்தது. பக்கத்தில் அவருடைய சிநேகிதர்.

"நம்ம ரூம்ல தங்கியிருக்கிற ஜப்பான் அம்மா, செத்துப்போன சொந்தக்காரங்களுக்குத் திதி குடுக்கணும்னாங்க. அய்யங்குளத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். ஐயர் ஒவ்வொருத்தரும் செத்த தேதி கேட்டாரு. நான்தான் இங்கிலீஷ்ல கேட்டுச் சொன்னேன். பதினோரு பேரு, ஒரே தேதி."

"அதுக்கு?"

"பஸ்ஸு கவுந்துடுச்சான்னு சிரிச்சிக்கிட்டே கேட்டுட்டேன்டா."

"அடப்பாவி!"

"அணுகுண்டுன்னாங்க. அவங்க அப்பா வீட்டு ஆளுங்களாம். அன்னிக்கு ஊர்ல இருந்தவங்க அத்தனை பேரும். அதுல மூணு கொழந்தைங்க. ஐயர் பேனாவைக் கீழ வெச்சிட்டாரு."

"தெரியாமதானே கேட்ட. விடு."

"அது இல்லடா. எல்லையில சண்டைன்னு அதுக்கு மொத நாள் ஸ்டேட்டஸ் வெச்சேன் இல்ல? காளான் மாதிரி புகை கிளம்புற படம். கீழ, 'ஒண்ணே ஒண்ணு போடுங்க'ன்னு."

"நான்கூட ஹார்ட் போட்டேனே." சிநேகிதரின் குரல் இறங்கிவிட்டது. "அழிச்சிட்டியா?"

"வீட்டுக்கு வந்ததும் அழிக்கலாம்னு போனை எடுத்தேன். பாத்தவங்க லிஸ்ட்ல அவங்க பேரும் இருக்கு. அன்னிக்குக் காலையில அஞ்சரைக்கே பாத்திருக்காங்க. பாத்துட்டு, ஒரு வார்த்தை கேக்காம என்கூட வந்திருக்காங்க."