தகரத்தில் ஒட்டிய குஞ்சு

– மொதல்ல அந்தப் படத்த எடு. மத்தத பொறவு பேசலாம்.

– எந்தப் படம்ணே? கொண்டக்குருவியா, மரங்கொத்தியா?

– நடிக்காத சசி. காக்காக் குஞ்சு. கால் ரெண்டுலயும் ரப்பர் பாலோட உன் வீட்டுப் பின்பக்கத்துல கெடக்குதே, அந்தப் படம்.

– உள்ள வாங்க. வாசல்ல நின்னு கத்துனா லயத்துல இருக்குற எல்லா வீட்டுக்கும் கேக்கும்.

– கேக்கட்டும். இனிக் கேக்க என்ன இருக்கு? மேல் லயத்துல இருந்து தெரணியகல பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் எல்லாவன் போன்லயும் நீ நெட்டுல எழுதுற ப்ளாக்குதான் ஓடுது. நான் கேக்குறேன், இந்தத் தோட்டத்துத் தலைவன் நான். சங்கத்து ஆளுக மொகத்துல நான் எப்புடி முழிக்கிறது? கூடப்பொறந்தவ செய்யிற வேலையா இது?

– யாரு பேரயும் நான் எழுதலையே. குஞ்சு வந்து விழுந்துச்சு. படம் எடுத்தேன், எழுதுனேன். அஞ்சு வருசமா அதத்தான செய்றேன்.

– பேரு எதுக்கு? அலகுல எள்ளுச் சோறு ஒட்டியிருக்கு. தேதி நம்ம அம்மா கருமாதித் தேதி. பால் குடிக்கிற புள்ளைக்கும் வெளங்கும்.

– அப்ப நீங்கதான் அதக் கூரத் தகரத்துல ஒட்டி வச்சிருக்கீங்க.

– நான் கேக்குறேன், வேற என்ன செய்யச் சொல்ற? எரநூறு சனம் எலைக்கு முன்னால ஒக்காந்திருக்கு. காக்கா படையல எடுக்காம யாரு கை வைப்பா? ஒரு மணி ஆச்சு. ரெண்டு ஆச்சு. மூனும் ஆச்சு. ஈர வேட்டியோட கூர மேல பாத்து கா கான்னு கத்திக்கிட்டே நிக்கிறேன். ஒன்னு வரல. பந்தியில இருந்த கெழவிங்க வாயப் பொத்திக்கிட்டு, 'வெள்ளையம்மா மனசு ஆறாமப் போயிருக்கா'ன்னு பேசுதுங்க.

– அதுக்கு?

– என் மச்சினன்தான் பலாமரத்துக் கூட்டுல இருந்து குஞ்சப் புடிச்சாந்தான். தகரத்துல கொஞ்சம் ரப்பர் பாலத் தடவி நிக்க வச்சோம். அது கொத்துச்சு, சனம் சாப்புட்டுச்சு.

– அது கொத்தல. வாய்க்குள்ள செவப்புகூட மாறாத குஞ்சு, தானாக் கொத்தத் தெரியாது. தொண்டைக்குள்ள வெரல விட்டுத் திணிச்சிருக்கீங்க. கீழ இருந்து பாத்த சனம் காக்கா திங்குதுன்னு கும்புட்டிருக்கு. சீ!

– காக்காய்க்குப் போயி இவ்வளவு பேச்சா?

– வீட்டுக்குப் போயி ஏணிய வச்சு ஏறிப் பாருங்க. அதோட கால் வெரல் ரெண்டு இன்னும் உங்க தகரத்துலதான் இருக்கும். பிச்சுக்கிட்டு சரிவுல உருண்டு வந்து இங்க விழுந்துச்சு. தேங்கெண்ணெ போட்டுப் போட்டு பால உரிச்சேன். மறுநாளு செத்துப்போச்சு. அம்மாவுக்குப் புண்ணியம் தேடுன லச்சணம் இது!

– ஒனக்கு பிஸ்ஸு, சரியான பைத்தியம். குருவிய எழுதுறவ குருவிய எழுதணும். நீ மீன்கொத்தின்னு ஆரம்பிப்ப, நாம குடிக்கிற பீலித் தண்ணியில புழு நெளியிறதுல முடிப்ப. செண்பகக் குருவின்னு ஆரம்பிப்ப, கக்கூஸ் குழி நெரம்பி வழியிறதுல முடிப்ப. படிக்கிறவனுக்குச் சோறு எறங்குமா?

– செண்பகம் அந்தக் குழிப் புழுவத்தான் திங்க வருது. தொர பங்களாப் பூந்தோட்டத்துலயா மேயுது? என் பின்பக்கத்துக்கு வேலி இல்ல. குருவி போற எடத்துக்கு நானும் போவேன். தோணுனா அதுக்கு அங்கிட்டும் போவேன்.

– அப்புடிப் போயித்தான என் தகரத்துல வந்து நின்ன.

– உங்க தகரமா? காத்துல கூர போன பன்னெண்டு வீட்டுக்கு நிவாரணமா வந்த தகரம் அது. பாதி உங்க வீட்டு மேல கெடக்கு. அதுக்குள்ள மைனா கூடு கட்டுச்சு. மைனாவ எழுதுனேன், தகரத்தயும் எழுதுனேன். அந்த ஒரு பக்கத்துக்காக மூனு வருசம் உங்க வாசப்படிய மிதிக்க விடல. அம்மாவப் பெட்டியில வச்ச பொறவுதான உள்ள விட்டீங்க? படத்த எடுக்க மாட்டேன். போங்க.

– எடுக்காட்டிப் போ.

– அப்ப ஏன் நிக்கிறீங்க?

– நான் படத்துக்கு மட்டும் வரல சசி. ஒன்னு கேக்கணும். காக்காயப் பத்தி இந்தத் தோட்டத்துல நீதான் படிச்சவ. அதுங்க எதுக்கு வரல?

– அதத் தெரிஞ்சு என்ன செய்யப் போறீங்க?

– தெனம் அடுப்படி வாசல்ல நிக்கிற சனியனுங்க, வெரட்டுனாலும் போகாது. அன்னைக்கு மட்டும் ஒன்னுகூட இல்ல. சனம் பேசுறது கெடக்கட்டும். எதுக்கு வரலன்னு எனக்கே தெரியும்.

– என்ன தெரியும்?

– கடைசி மூனு நாளும் அம்மாவுக்கு ஒரே பேச்சு. 'சசியக் கூப்புடு, சசியக் கூப்புடு.' நீ கீழ் லயத்துல இருக்க, கத்துனாக் கேக்குற தூரம். 'அவ பெல்மதுளை டவுனுக்குப் போயிருக்கா, வந்தோன்ன வருவா'ன்னு அம்மாகிட்டப் பொய் சொன்னேன். அம்மா கதவையே பாத்துக்கிட்டு கெடந்துச்சு. அப்புடியே போயிருச்சு.

– தூ! நீயெல்லாம் ஒரு மனுசனா?

– துப்பு. நல்லாத் துப்பு. எனக்கே என் மேல அருவருப்பாத்தான் இருக்கு. அன்னையில இருந்து சோத்துல கைய வச்சா ஓங்கரிக்குது, ஒரு உருண்ட எறங்கல. பாரு, இடுப்புல வேட்டி நிக்கல. என் கையால வச்ச சோறு அம்மாவுக்கு வேணாம். அது தெரிஞ்சுதான் குஞ்ச ஒட்டி வச்சு ஊர ஏமாத்துனேன். வேற காரணம் ஏதும் இருந்தா நீ சொல்லு. நீ சொன்னா நம்புறேன்.

– அம்மா என்னயக் கேட்டுச்சா? நெசமாவா?

– மூனு நாளும்.

– அம்மாவும் என்ன வெறுத்துருச்சுன்னுதான் நெனச்சேன். அதான் கூப்புடலன்னு.

– இல்ல. நான்தான். விடு, நீ பேச மாட்ட. காக்காயே பேசிருச்சு. நான் போறேன்.

– நில்லுங்கண்ணே. கருமாதிக்கு நான் ஏன் வரலன்னு ஒரு வார்த்த கேக்கலையே?

– கோவம்னு நெனச்சேன். வேறென்ன?

– விடியவே ரெண்டு கிலோ அரிசி பொங்கி, நெத்தலிக் கருவாடப் பிசைஞ்சு, உங்க பந்தி முடியிற வரைக்கும் இந்தத் தோட்டத்துக் காக்கா அத்தனைக்கும் என் வீட்டுப் பின்பக்கத்துல வச்சு வயிறு முட்டப் போட்டுக்கிட்டு இருந்தேண்ணே.