ஓஸ்தாப்பின் பதினொரு பாட்டு

எனக்குப் பொய் சொல்ல வராது, பாஸ்டர். ஆம்பூரில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

கிறிஸ்மஸுக்கு நம் சபையே பாடுகிறதே, அந்தப் பாட்டின் மெட்டு என்னுடையதல்ல. உக்ரைனில் மருத்துவம் படித்தபோது என் கூடப் படித்த ஓஸ்தாப் போட்டது. அவர்கள் நாட்டு அறுவடைப் பாட்டுகளோடு எலெக்ட்ரிக் கிட்டாரும் டிரம்ஸும் சேர்த்து ஒரு ராக் குழு நடத்தினான். நான் அதில் கிட்டார். அப்பா டேனரியில் கேட்டு வாங்கித் தந்த ஆட்டுத்தோலைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தன் கைமேளத்துக்கு அதைக் கட்டிவிட்டு ஊருக்கெல்லாம் காட்டினான்.

போர் தொடங்கியதும் நான் கிளம்பினேன். ஓஸ்தாப் தான் பாடிப் பதிவு செய்த பதினொரு பாட்டும் இருந்த ஹார்ட் டிஸ்கை என்னிடம் கொடுத்து, பத்திரமாக வைத்திரு என்றான். மறு வருஷம் போர்முனையில் செத்துப்போனான். அவன் வீட்டில் குண்டு விழுந்து, போன், கம்ப்யூட்டர் எல்லாம் எரிந்துவிட்டன.

பிறகுதான் அந்தப் பதினொன்றில் ஒன்றின் மெட்டுக்குத் தமிழில் எழுதினேன். நீங்கள் என் தலையில் கை வைத்து, "ஆண்டவர் உனக்கே குடுத்த மெட்டுப்பா" என்றீர்கள். நான் சும்மா நின்றேன். சும்மா நிற்பது பொய்யாகாது. ஆனாலும் கூசியது.

போன நவம்பரில் அவன் அம்மா ஹன்னா போன் செய்தார். யூடியூபில் நம் பாட்டைக் கேட்டிருக்கிறார். திட்டுவார் என்று நினைத்தேன். நன்றி சொன்னார். அப்புறம் தயங்கித் தயங்கி, மகன் குரலில் தன்னிடம் ஒரு வார்த்தைகூட இல்லை, அந்த டிஸ்க் உன்னிடம் இருக்கிறதா என்று கேட்டார்.

கொடுத்தால் பாட்டு வெளியே வரும். மெட்டு யாருடையது என்று சபைக்குத் தெரிந்துவிடும்.

"எல்லையைத் தாண்டும்போது தொலைஞ்சுடுச்சும்மா" என்றேன்.

அந்தக் குளிரில் நீ பிழைத்துப் போனதே போதும் என்றார்.

நான் சொன்ன முதல் பொய் அது. மூன்று நாள் சோறு இறங்கவில்லை. முழங்கால் போட்டால் ஜெபம் வரவில்லை, டிஸ்க் இருந்த பீரோதான் கண்ணில் பட்டது. ஞாயிறு ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்து, ஒவ்வொரு பாட்டாக முழுசாகக் கேட்டு, ஒவ்வொன்றாக அழித்தேன். கடைசிப் பாட்டு முடிந்ததும் ஓஸ்தாப் சிரித்துக்கொண்டே, "ஷாஜின், இன்னொரு தடவை" என்கிறான். இன்னொரு தடவை கேட்டேன். அதையும் அழித்தேன். விரிஞ்சிபுரம் போய் டிஸ்கைப் பாலாற்றில் எறிந்துவிட்டு வந்தேன்.

உங்கள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருக்கிறது. பாடகர் குழுவிலிருந்து என்னை எடுத்துவிடுங்கள். பொய்யன் என்று மட்டும் யாரிடமும் சொல்லாதீர்கள். அந்த அம்மாவிடம் நான் சொன்னது இப்போது உண்மைதான். டிஸ்க் தொலைந்துவிட்டது.