மூணு பேரு, நாலு சீட்டு

ராத்திரி ரெண்டே கால் மணி. வண்டலூரிலிருந்து நெமிலிச்சேரி போகிற வெளிவட்டச் சாலை. முன்னால ஒரு வண்டி இல்லை. பின்னால ஒரு வண்டி இல்லை. நடுவுல ஒரு குட்டி கார் மட்டும்... தீப்பெட்டிக்குச் சக்கரம் வெச்ச மாதிரி.

கிட்ட வாங்க. கரண்ட் வர நேரமாகும். சரண், நீயும்தான். காலையில அந்த மாதிரி ஒரு கார்லதானே குற்றாலம் கெளம்புறே? நல்லா கேளு. இது நம்ம மூணாவது மாடி ராஜகுமாரியோட தங்கச்சி அனுசுயா வீட்டில் நடந்தது.

அண்ணனூரில் ரயில் ஷெட்டுக்குப் பின்பக்கம் வீடு. புருஷன் கன்னியப்பன், அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத்து வேலை. ஒன்பது வயசில் ஒரு பொண்ணு, காவ்யா. கார் வாங்கின நாளிலிருந்து அவனுக்கு ஒரே வெறி. நாலு நாள் லீவு கிடைத்தால் போதும். கன்னியாகுமரி, மூணாறு, ஹம்பி... "இத்தினிக்கூண்டு வண்டில எம்மா தூரம் வந்துகீறேன் பாரு மாமே!" என்று போட்டோ எடுத்து கம்பெனி ஆளுங்களுக்கு அனுப்புவான்.

அவனுக்கு ஒரு அக்கா, சாமுண்டீஸ்வரி. பக்கத்துத் தெருவில் தனியாக இருந்தாள். அப்பா அம்மா போனபின் தம்பியை வளர்த்தவள், அவனுக்காகவே கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டவள். பஸ்ஸில் இடமில்லாத நாட்களில், எட்டு வயசுப் பையனைத் திருப்பதி வரைக்கும் மடியிலேயே வைத்துக்கொண்டு போனவள். கால் மரத்துப்போகும், இறக்க மாட்டாள்.

கன்னியப்பன் கிளம்புகிற ஒவ்வொரு விடியற்காலையும் அவள் கேட்டில் வந்து நிற்பாள். துணிக்கடைப் பையில் ரெண்டு சேலை, ஒரு தைல டப்பா.

"நைனா, நானும் வர்ட்டா?"

"எடம் இல்லக்கா. சின்ன வண்டி. அடுத்த வாட்டி பாக்கலாம்."

மூணு பேரு. நாலு சீட்டு. முன்சீட்டில் என்ன இருந்தது தெரியுமா? அவன் சூட்கேசு, ஐஸ் பெட்டி, காத்தடிக்கிற பம்பு.

"பொட்டிய என் மடில வெச்சிக்கிறேன்யா. அண்ணி வரட்டும்" என்பாள் அனுசுயா.

"ஏசி இழுக்காது. வண்டியப் பத்தி உனுக்கு இன்னா தெரியும்? கம்முனு ஏறு."

நாலு தடவை இப்படி. நாலு தடவையும் பின்கண்ணாடி வழியாகப் பார்த்தாள் அனுசுயா. தெரு திரும்புகிற வரைக்கும் அண்ணி கை காட்டிக்கொண்டே நிற்பாள். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் இவள்.

ஐந்தாவது தடவை அக்காவுக்கு இடம் கிடைத்தது. பத்து நாள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டாள். ராமேஸ்வரத்தில் கரைக்க, சின்னக் கலயத்தில் சாம்பல்.

"டிக்கில ஜாக்கி பக்கத்துல வெச்சிடலாம், ஆடாது" என்றான்.

அனுசுயா கலயத்தைப் பிடுங்கி மடியில் வைத்தவள், ராமேஸ்வரம் வரைக்கும் இறக்கவில்லை.

கரைத்து முடித்ததும் ஐயர் சொன்னார்: "திரும்பிப் பாக்காம நடங்கோ. கூப்பிடப்படாது." எல்லாருக்கும் தெரிந்ததுதான். அவளுக்கும் தெரியும். கரையேறினாள். நின்றாள்... திரும்பினாள்.

"வா அண்ணி. முன்சீட்டு காலியா கீது."

சொன்னதோடு விடவில்லை. முன்சீட்டு மூட்டைகளையெல்லாம் பின்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். பொண்ணுக்குக் கால் நீட்ட இடமில்லை.

"பைத்தியமாடி உனுக்கு?"

"ஆமா. அந்த சீட்டு காலியாவே வரட்டும்."

மத்தியானம் மூணு மணிக்குக் கிளம்பினார்கள். வழியெல்லாம் ஒன்றுமில்லை. நடு ராத்திரி தாண்டி, வண்டலூரில் டீ குடிக்க நிறுத்தினான். ஒரு வாய் குடித்துவிட்டுச் சிரித்தான்.

"ஒரு வழியா முடிஞ்சிது. இனிமே கெளம்புற நேரத்துல பையத் தூக்கிகினு வாசல்ல வந்து நிக்க ஆளில்ல."

அனுசுயா டீயைக் கீழே கொட்டிவிட்டுப் போய் ஏறிக்கொண்டாள்.

அப்புறம்தான் அந்த வெளிவட்டச் சாலை. ரெண்டே கால் மணி.

டிங்... டிங்... டிங்...

முன்சீட்டில் ஆள் உட்கார்ந்து பெல்ட்டு போடாவிட்டால் அடிக்குமே, அந்த மணி.

"இன்னாத்துக்கு அடிக்குது?" சீட்டைத் தடவிப் பார்த்தான். காலி. "ஒயரு லூசு." கையை எட்டிப் பெல்ட்டை இழுத்து மாட்டினான். டிக். மணி நின்றது.

காலி சீட்டில் பெல்ட்டு மாட்டினால் எப்படி இருக்கும்? சீட்டோடு ஒட்டிப் படியும். அனுசுயா பின்னாலிருந்து பார்த்தாள். இது படியவில்லை. சீட்டை விட்டு ஒரு முழம் தள்ளி... வளைஞ்சு... ஒரு ஆள் மார் மேல கெடக்கிற மாதிரி நின்றது. மெல்ல ஏறியது. மெல்ல இறங்கியது.

தைல வாசனை. அதற்குள் உப்புத் தண்ணி வாடை.

"அம்மா... அத்தை வாசனை" என்றாள் காவ்யா.

கன்னியப்பன் திரும்பிப் பார்த்தான். போட்டான் பிரேக்கு.

குத்தம்பாக்கம் பக்கம், தூரத்தில் விளக்குகள் மட்டும். அலறியடித்துக்கொண்டு இறங்கி ஓடியிருந்தால்கூட அனுசுயா மன்னித்திருப்பாளோ என்னவோ. அவன் என்ன செய்தான் தெரியுமா? பெல்ட்டைப் பிடுங்கினான். பின்கதவைத் திறந்து சூட்கேசை, ஐஸ் பெட்டியை, பம்பை ஒவ்வொன்றாக எடுத்து முன்சீட்டில் எறிந்தான். கூரை முட்ட. பெல்ட்டையும் அது மேலேயே இழுத்து மாட்டினான்.

"எடம் இல்ல! எத்தினி வாட்டி சொல்றது? எடம் இல்ல!"

"யோவ், வேணாம்யா. அக்காய்யா அது!"

"மூட்றி!"

ஏறி உட்கார்ந்து கதவை அடித்தான். மணி அடிக்கவில்லை. வாசனை இல்லை. ஒரு சத்தமுமில்லை.

கொஞ்ச தூரம் போனது. பிறகு... டிரைவர் சீட்டு கிறீச்சென்று ஒருதரம் அழுந்தியது. கார் அவன் பக்கமாகச் சாய்ந்தது.

"அனு..."

அவள் காவ்யாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அனு, காலு... காலு மரத்துப்போச்சிடி."

மரத்த காலாலேயே பெடலை மிதித்து ஓட்டினான்; நாற்பதுக்கு மேல் வண்டி ஏறவில்லை. அண்ணனூர் வந்து சேர்ந்தபோது ஷெட்டிலிருந்து முதல் ரயில் கிளம்பிக்கொண்டிருந்தது. அனுசுயா இறங்கினாள். பொண்ணு இறங்கியது. கன்னியப்பன் இறங்கவில்லை. பக்கத்து வீட்டு ஆட்டோக்காரர்கள் நாலு பேர் வந்து இழுத்தார்கள். "இன்னா அண்ணாத்தே, இந்தக் கனம் கனக்குறே?" அவன் லுங்கி தொடை வரைக்கும் நனைந்திருந்தது. ஒருத்தன் விரலை நக்கிப் பார்த்துவிட்டுத் துப்பினான். உப்பு.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். எலும்பில் ஒன்றுமில்லை, நரம்பில் ஒன்றுமில்லை. சக்கர நாற்காலியோடு ஏற்றி எடை பார்த்தார்கள். நாற்காலியைக் கழித்தால் நூற்றிப் பத்து கிலோ. நர்ஸு அவனை ஏற இறங்கப் பார்த்தாள். ஒல்லி ஆள், அறுபத்தெட்டைத் தாண்டினதில்லை. மெஷின் ரிப்பேர் என்றாள். வேறு மெஷின். அதிலும் நூற்றிப் பத்து.

அனுசுயா கைப்பையில் ஒரு பழைய ஆஸ்பத்திரிச் சீட்டு இருந்தது. அண்ணியைக் காய்ச்சலுக்குச் சேர்த்தபோது போட்டுக் கொடுத்தது. எடை, நாற்பத்திரண்டு.

அவன் இன்னும் அந்த நாற்காலியில்தான் இருக்கிறான். போன வாரம் ராஜகுமாரி போய்ப் பார்த்துவிட்டு, தங்கச்சி கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாளாம். "நீ கூப்ட்டுதானடி வந்துச்சு? நீ ஒரு வார்த்தை சொன்னா எறங்கிடும்டி. சொல்லேண்டி."

அனுசுயா அவனைப் பார்த்தாளாம். அவன் கண்ணில் தண்ணி. காற்றே இல்லாத அறையில், அவன் மடிக்கு மேலே தைல வாசனை.

"இன்னாத்துக்கு எறங்கணும்?" என்றாளாம். "இப்பதான உக்காந்துகீது."

சொல்லிவிட்டு உள்ளே போய் டீ போட்டு எடுத்து வந்தாள். அவன் கையில் ஒரு டம்ளர். அவன் முழங்காலுக்குப் பக்கத்தில், ஸ்டூல் மேல் இன்னொரு டம்ளர்.

ராஜகுமாரி கிளம்பும்போது பார்த்தாள். அவன் டம்ளர் அப்படியே இருந்தது. ஸ்டூல் மேல் இருந்தது... காலி.